எதிரிச் சொத்தும் மலிவுப் பதிப்பும்: தொழில்நுட்பக் கையேடுகளைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

ஆசிரியனின் மரணம் பற்றித் தமிழில் போதுமான அளவு பேசியாகிவிட்டது. கவிதையில் செத்தான், நாவலில் செத்தான், சிறுபத்திரிகைத் தலையங்கத்தில்கூட ஓரிரு முறை செத்துப் பார்த்தான். ஆனால் ஆசிரியன் என்றொருவன் பிறந்ததாகவே யாரும் நினைக்காத ஒரு பிரதி வகைமை இருக்கிறது. தொழில்நுட்பக் கையேட்டைச் சொல்கிறேன். டெர்மன் எழுதிய ரேடியோ பொறியாளர் கையேட்டை டெர்மனுக்காக எவரும் திறப்பதில்லை. கம்பிச் சுருளுக்கு எத்தனை சுற்று வேண்டும், அந்தச் சூத்திரம் எங்கே என்று தேடுவார்கள். கிடைத்ததும் மூடிவைத்துவிட்டுச் சாலிடர் கம்பியைக் கையில் எடுப்பார்கள். அட்டையிலிருந்து அட்டைவரை அதைப் படித்தவன் ஒருத்தன் இருந்தால் அவனை வேலையிடத்தில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

ஆசிரியன் இல்லை என்பதாலேயே அரசியலும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். எலெக்ட்ரானிக்ஸ் கற்க விரும்பும் தோழர்கள், சொந்தமாகத் தொலைநோக்கி செய்ய ஆசைப்படும் பள்ளி ஆசிரியர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எந்தப் புஸ்தகத்தை வாங்கறது? இந்தக் கேள்விக்குத் தொழில்நுட்பரீதியாகப் பதில் சொல்லலாம், இடையிடையே சொல்லவும் போகிறேன். ஆனால் வாங்குபவரின் கை அலமாரிக்கு நீள்வதற்கு முன்பே அந்தத் தேர்வின் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கிறது. போர் அலுவலகங்களில், எதிரிச் சொத்து நிர்வாகத்தில், தூதரகங்களின் கணக்குப் புத்தகங்களில் அது நடந்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் மின்னணுவியல் என்ற பெயரே பரவலாக இல்லை, ரேடியோதான் இருந்தது. அமெரிக்காவின் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் 1926இல் தொடங்கி வெளியிட்டுவந்த கையேடு ஒரு பக்கம். பட்டம் இல்லாதவன், கொட்டகையில் உட்கார்ந்து வால்வு செட் செய்பவன், அவனுக்காக அவனைப் போன்றவர்களே எழுதியது. இன்னொரு பக்கம் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டெர்மன். அவருடைய ரேடியோ எஞ்சினியரிங் 1932இல் வந்தது, மேலே சொன்ன கையேடு 1943இல். இரண்டு மரபுகளுக்கும் பொதுவாக இருந்தது ஒலிபரப்பின் உலகம்: தொடர்ந்து ஓடும் சைன் அலை, அதன்மேல் ஏற்றிய குரல். போர் வந்ததும் இந்த அலையே உடைந்துபோனது. ரேடாருக்குத் தேவை தொடர் அலை அல்ல, துடிப்பு. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு எதிரொலிக்குக் காத்திருக்க வேண்டும். இப்படிக் கத்தவும் காக்கவும் தெரிந்த சுற்றுகளைப் பற்றி அமெச்சூர் கையேட்டிலும் பேராசிரியர் கையேட்டிலும் கொஞ்சம்தான் இருந்தது.

1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் செய்த மாக்னட்ரான் குழல், அதே ஆண்டு செப்டம்பரில் டிசார்டு குழுவோடு அட்லாண்டிக்கைத் தாண்டியது. அதைச் சுற்றி எம்.ஐ.டி.யில் கதிர்வீச்சு ஆய்வுக்கூடம் எழுந்தது. பெயரே ஒரு மறைப்புத்தான். அணுக்கரு ஆராய்ச்சி என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று வைத்தது. (அணுகுண்டை மறைக்க ஒரு காலத்தில் வேறு பெயர்கள் வேண்டியிருந்தன, இங்கே ரேடாரை மறைக்க அணுக்கருவே போதுமானதாக இருந்திருக்கிறது.) உச்சத்தில் சுமார் 4000 பேர் வேலை பார்த்த அந்த இடம் 1945 டிசம்பர் 31உடன் மூடப்பட்டது. மூடும்போது ஒரு முடிவு எடுத்தார்கள்: கற்றதையெல்லாம் எழுதிவைத்துவிட்டுப் போவது. அதற்கென்று ஆட்களைச் சம்பளத்தோடு தொடர்ந்து வைத்துக்கொண்டார்கள். 1947இலிருந்து மெக்ரா-ஹில் வெளியிட்டது 28 தொகுதிகள். கடைசித் தொகுதி முழுக்க முழுக்கப் பொருளடைவு, 1953இல் வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் மின்னணுவியல் நூலகத்துக்கு இதுதான் அடித்தளம் என்று சொன்னால் மிகையில்லை. 18ஆம் தொகுதி வால்வுப் பெருக்கிகள், 19ஆம் தொகுதி அலைவடிவங்கள். இந்த இரண்டையும் படித்தவர்கள்தான் பிறகு கணிப்பொறிச் சுற்றுகளையும் அணுக்கரு எண்ணிகளையும் செய்தார்கள். படிகத் திருத்திகள் பற்றிய 15ஆம் தொகுதி 1948இல் வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னால், 1947 டிசம்பரில், பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்திருந்தது. ரேடாருக்காக ஜெர்மானியம், சிலிக்கான் இரண்டையும் சுத்தப்படுத்தக் கற்றுக்கொண்ட கைகள் அந்தப் பிரசவத்துக்கு உதவியிருந்தன. நுண்ணலைச் சுற்றுகள் தொகுதியைப் பதிப்பித்தவர்களில் ஒருவரான பர்சல், காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் அதிர்வதை 1945இன் கடைசியில் அளந்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஆக, போரில் பிறந்த பிரதி என்று ஒரே வரியில் ஒதுக்கித்தள்ளவும் முடியாது. அப்படி ஒதுக்கும் சௌகரியமான விமர்சனத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆஸ்பத்திரி ஸ்கேனரையும் ஏவுகணையையும் ஒரே பக்கத்துச் சூத்திரம் தாங்கி நிற்கிறது என்பதுதானே பிரச்சினை?

இந்தப் பிரச்சினையை நேரே எதிர்கொண்டவர் நார்பர்ட் வீனர். பறக்கும் விமானம் அடுத்த சில நொடிகளில் எங்கே இருக்கும் என்று இரைச்சல் நிறைந்த அளவீடுகளிலிருந்து ஊகிக்கும் கணிதத்தை 1942இல் அவர் ஓர் அறிக்கையாக எழுதினார். விமான எதிர்ப்புப் பீரங்கிக்காக. மஞ்சள் அட்டை போட்ட ரகசிய அறிக்கை. கணிதம் கடினம் என்பதால் எஞ்சினியர்கள் அதற்கு 'மஞ்சள் அபாயம்' என்று பெயர் வைத்தார்கள். ஆசியர்களை இழிவுபடுத்த வெள்ளை உலகம் பயன்படுத்திவந்த சொல், ஜப்பானோடு போர் நடக்கிற நேரத்தில், ஒரு கணித நூலுக்குச் செல்லப்பெயராகிறது. மொழிக்குள் அதிகாரம் எப்படிக் குடியிருக்கும் என்பதற்கு நாம் வேறு எங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

போர் முடிந்த பிறகு, ஏவுகணைத் திட்டத்தில் இருந்த ஒரு விமானக் கம்பெனி எஞ்சினியர், வீனர் போர்க்காலத்தில் எழுதிய ஓர் ஆய்வின் பிரதியைக் கேட்டுக் கடிதம் போட்டார். கேட்டது ஒரே ஒரு பிரதி. வீனர் தர மறுத்தார். அந்த மறுப்புக் கடிதம் 1947 ஜனவரி அட்லாண்டிக் மாத இதழில் அச்சானது. ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் பிறகு, எழுதியதை வெளியே கொடுப்பது என்பது எப்போதும் அப்பாவிச் செயலாக இருக்க முடியாது. பாதுகாப்பற்ற மக்களின்மேல் குண்டு போடவே ஏவுகணை பயன்படும், அதற்குத் துணைபோக மாட்டேன் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த ஆய்வை அரசாங்க வழியில் நீங்கள் பெற்றுக்கொள்ள முடியும் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் தன் கையால் தரமாட்டேன் என்றார்.

எதிர்வாதம் எழுதியவர் யார் தெரியுமோ? அந்த 28 தொகுதிகளின் தலைமைப் பதிப்பாசிரியர் லூயி ரிடனூர். அறிவை அதன் பிற்காலப் பயனை வைத்துத் தரம்பிரிக்க முடியாது, எது எதற்குப் பயன்படும் என்று ஆராய்ச்சியாளனால் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்கிற வாதம் அது. எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. ரிடனூர் ஒன்றும் போர்வெறியரும் அல்ல. 1946 ஜனவரியில் ஃபார்ச்சூன் இதழில் அவர் ஒரு குறுநாடகம் வெளியிட்டிருந்தார். பாதாள அறையில் உட்கார்ந்திருக்கும் ராணுவ அதிகாரிகள் நிலநடுக்கத்தைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு பதிலடி கொடுக்க, உலகம் அழிகிறது. இதை எழுதிய மனிதர் 1950இல் அமெரிக்க விமானப்படையின் முதல் தலைமை விஞ்ஞானியானார். நாடகம் எழுதினவர், நாடகத்தில் வரும் அறைக்கு ரொம்பப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்.

வீனர் தரப்பிலும் கணக்கு நேராக இல்லை. அந்த மஞ்சள் அறிக்கை 1949இல் புத்தகமாகவே வெளிவந்துவிட்டது. விலை கொடுத்தால் ஏவுகணை எஞ்சினியரும் வாங்கலாம். அப்படியானால் 1947இன் மறுப்பு வெறும் சடங்கா? நான் அப்படி வாசிக்கவில்லை. ஒருவனுக்கு ரகசியமாகத் தருவதும் எல்லோருக்கும் பகிரங்கமாக அச்சிடுவதும் இரண்டு வேறு செயல்கள். முதலாவதில் ஆசிரியன் ஒரு நிறுவனத்தின் உறுப்பாகிறான். இரண்டாவதில், குறைந்தபட்சம், விமான நிலையத்து எஞ்சினியருக்குக் கிடைப்பது விவசாயப் பல்கலைக்கழக மாணவனுக்கும் கிடைக்கிறது. கையேட்டுக்கு ஆசிரியன் இல்லை என்றேனே, இந்த ஒரு மறுப்பில் ஆசிரியன் எழுந்து நிற்கிறான். கொடுக்காமல் இருப்பதன் மூலம்.

ஒளியியலுக்கு வருவோம். இங்கே எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் பார்ன்–வுல்ஃப். எண்ணூறு பக்கத்துக்குக் குறையாத, மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் தொடங்கி ஒளியின் எல்லா நடத்தைகளையும் அவற்றிலிருந்து வருவிக்கும் நூல். அறிவியல் மாணவர்களின் அலமாரியில் அது வேதம்போல இருக்கும், அதாவது பெரும்பாலும் திறக்கப்படாமல். ஆனால் அந்த நூல் உருவான கதையில் இருபதாம் நூற்றாண்டே இருக்கிறது.

மாக்ஸ் பார்ன் ஜெர்மன் மொழியில் எழுதிய ஒளியியல் பாடநூலை 1933இல் ஷ்பிரிங்கர் வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் நாஜி அரசு கொண்டுவந்த அரசுப் பணியாளர் சட்டம் அவரை, யூதர் என்பதால், கோட்டிங்கன் பேராசிரியர் பதவியிலிருந்து இறக்கியது. புத்தகம் ஜெர்மனிக்குள் நின்றது, எழுதியவர் வெளியேறினார். முதலில் கேம்பிரிட்ஜ். பிறகு 1935–36இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம். அழைத்தவர் அப்போதைய இயக்குநர் சி.வி. ராமன். நிரந்தரப் பதவி கொடுக்க ராமன் முயன்றார், கழகத்துக்குள் எழுந்த எதிர்ப்பில் அது நடக்கவில்லை. இயக்குநர் பதவியில் ராமனே 1937க்குப் பிறகு நீடிக்கவில்லை. பார்ன் எடின்பரோவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1939 ஆகஸ்டு 31ஆம் தேதி, போலந்துமீது ஜெர்மனி பாய்வதற்கு முதல்நாள், பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். போரில் இறங்கிய அமெரிக்கா, எதிரி நாட்டாரின் சொத்துகளைக் கைப்பற்ற 1942இல் ஓர் அலுவலகம் திறந்தது. வீடு, பங்கு, காப்புரிமை எல்லாவற்றோடும் ஜெர்மன் அறிவியல் நூல்களின் பதிப்புரிமையும் அதன் கைக்குப் போனது. மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகரத்து எட்வர்ட்ஸ் சகோதரர்கள் அச்சகம் அந்த நூல்களை உரிமம் பெற்று ஃபோட்டோ எடுத்து அப்படியே மறுபதிப்பு செய்தது. பார்னின் ஒளியியலும் அதில் ஒன்று. அதாவது ஹிட்லருக்கு யூதர் என்பதால் எதிரி. அமெரிக்காவுக்கு ஜெர்மன் பதிப்பாளர் என்பதால் எதிரிச் சொத்து. ஆள் என்னமோ எடின்பரோவில் பிரிட்டிஷ் பிரஜையாக உட்கார்ந்திருக்கிறார். மனிதனின் அடையாளமும் அவனுடைய பிரதியின் அடையாளமும் இப்படிப் பிய்ந்து இரண்டு எதிர்த்திசைகளில் போன இன்னொரு சம்பவம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். ஏழைநாட்டுக்காரன் ஜெராக்ஸ் எடுத்தால் திருட்டு என்று இன்று நமக்குப் பாடம் எடுக்கும் நாடு, தனக்கு அறிவு அவசரமாகத் தேவைப்பட்டபோது சட்டமியற்றி, உரிமம் கொடுத்து, வரிசையாக அச்சடித்துக்கொண்டது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தேவை வந்தால் பதிப்புரிமை எவ்வளவு வளையும் என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

போருக்குப் பிறகு அந்த நூலை ஆங்கிலத்தில் கொண்டுவரும் யோசனை வந்தது. மொழிபெயர்த்தால் போதாது, ஒளியியலே மாறிவிட்டிருந்தது. பார்ன், ஹங்கேரியிலிருந்து ஜெர்மனி போய் அங்கிருந்தும் 1933இல் வெளியேறியிருந்த டென்னிஸ் கேபர், ப்ராகில் பிறந்து நாஜி ஆக்கிரமிப்பிலிருந்து தப்பிவந்த இளைஞர் எமில் வுல்ஃப் மூவரும் சேர்ந்து எழுதுவதாகத் திட்டம். மூன்று அகதிகள். கேபர் நேரமில்லை என்று விலகிக்கொண்டார், ஆனாலும் அலைமுகப்பு மீட்டமைப்பு பற்றிய ஒரு பகுதியைத் தந்தார். பின்னால் ஹோலோகிராம் என்று உலகம் அறிந்துகொண்ட விஷயம் அது. 1971 நோபல் பரிசு அதற்குத்தான். 1959இல் பெர்கமான் பதிப்பகம் நூலை வெளியிட்டது.

நூல் தாமதமானதற்கு ஒரு காரணம் பகுதி ஓரியல்பு பற்றிய அத்தியாயம். வெவ்வேறு புள்ளிகளிலிருந்து வரும் ஒளி எந்த அளவுக்கு ஒன்றோடொன்று இணங்கி அதிர்கிறது என்கிற விஷயம். வுல்ஃப் அதை முடிக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். உம்மைத் தவிர யாருக்கய்யா இதில் அக்கறை, அதை விட்டுவிட்டுக் கைப்பிரதியை அச்சுக்கு அனுப்பும் என்கிற பொருளில் கிழவர் கடிதம் எழுதினார். வுல்ஃப் விடவில்லை. புத்தகம் வந்த மறு ஆண்டு, 1960 மே மாதம், மெய்மன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். திடீரென்று உலகம் முழுக்க எல்லோருக்கும் ஓரியல்பு பற்றித் தெரிய வேண்டியிருந்தது. கையேடுகளைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனதில் வையுங்கள். இன்றைய தேவைக்கு வேண்டியது மட்டும் உள்ள நூலா, ஆசிரியனின் பிடிவாதத்தால் தேவையற்றதும் உள்ளே நுழைந்துவிட்ட நூலா? நான் இரண்டாவதையே வாங்குவேன்.

பெங்களூர் கதைக்கு ஒரு பின்னொட்டு உண்டு. பார்ன் அங்கே இருந்த அதே 1935–36இல்தான் ராமனும் நாகேந்திர நாத்தும் ஐந்து கட்டுரைகளை, ராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வெளியிட்டார்கள். மீயொலி ஓடும் திரவத்துக்குள் ஒளியைச் செலுத்தினால் அது ஏன் பல கற்றைகளாகப் பிரிகிறது என்பதன் விளக்கம். நாத் அப்போது இளைஞர். பார்னோடு சேர்ந்தும் ஒரு கட்டுரை எழுதினார். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து பார்ன்–வுல்ஃப் நூலின் 12ஆம் அத்தியாயம் இந்த விஷயத்துக்கே ஒதுக்கப்பட்டது; எழுதியவர் ஏ.பி. பாட்டியா. லேசர் வந்ததும் ஒலியால் ஒளியைத் திருப்பும் கருவிகள் வந்தன, இன்று எந்த ஒளிப் பொறியியல் கையேட்டைப் புரட்டினாலும் 'ராமன்–நாத் நிலை' என்று ஒரு துணைத்தலைப்பு இருக்கும். பெயர்ச்சொல் அடைமொழியாகிவிட்டது. திருச்சியில் பிறந்தவரை நமக்குத் தெரியும். கூட எழுதிய நாத்தை, அந்தக் கோட்டுக்குப் பிந்திய இரண்டெழுத்தாகத்தான் தெரியும். கையேடு ஆட்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும் முறை இப்படி.

பார்ன் 1955இல் ரஸ்ஸல்–ஐன்ஸ்டைன் அறிக்கையில் கையெழுத்திட்டார். 1957 ஏப்ரலில் மேற்கு ஜெர்மனியின் பதினெட்டு விஞ்ஞானிகள், அணு ஆயுதம் செய்வதில் எந்த வகையிலும் பங்கெடுக்க மாட்டோம் என்று கோட்டிங்கனிலிருந்து அறிவித்தபோது அதிலும் இருந்தார். அந்த ஆண்டுகளில்தான் வுல்ஃப் ஓரியல்பு அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தார். லேசர் வழிகாட்டும் குண்டுகள் வியட்நாமில் முதன்முதலில் விழுந்தபோது பார்ன் உயிரோடுதான் இருந்தார், 1970இல் இறந்தார்.

சரி, பார்ன்–வுல்ஃப் கையில் இருந்தால் ஒரு லென்ஸ் செய்துவிட முடியுமா? முடியாது. பிழைகளின் கோட்பாடு இருக்கும், ஆனால் எந்தக் கண்ணாடியை எதோடு ஒட்ட வேண்டும், வளைவை எவ்வளவு மாற்றினால் நிறப்பிழை எவ்வளவு குறையும் என்று பட்டறைக்காரன் கேட்பதற்கு அதில் நேரடியான பதில் இல்லை. அதற்கு வேறு பரம்பரை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1917இல் தொழில்நுட்ப ஒளியியல் துறை தொடங்கினார்கள். மறுபடியும் போர்தான் காரணம். அதுவரை நல்ல ஒளியியல் கண்ணாடிக்கு பிரிட்டன் பெருமளவு ஜெர்மனியை நம்பியிருந்தது, சண்டை வந்ததும் கண் தெரியாமல் போயிற்று. அங்கே கற்பித்த கான்ரடியின் நூல் முதல் பாகம் 1929இல் வந்தது. மடக்கை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதிராகக் கையால் கணக்குப் போடுபவனுக்காகச் சூத்திரங்களை அடுக்கிய நூல். இரண்டாம் பாகத்தை முடிப்பதற்குள் 1944இல் இறந்துபோனார். அவர் மாணவரும் மருமகனுமான கிங்ஸ்லேக் எஞ்சிய குறிப்புகளைத் தொகுத்து 1960இல் கொண்டுவந்தார். கிங்ஸ்லேக்கின் சொந்த நூல் 1978. கணிப்பொறி காலத்தின் வழக்கத்தை ஒட்டி வாரன் ஸ்மித் எழுதியது 1966. கணக்குப் போட்டு லென்ஸ் வடிவமைக்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு ஸ்மித், பிறகு கிங்ஸ்லேக். கான்ரடி பொறுமைசாலிகளுக்கு.

ஆனால் ஒளிப் பொறியியலில் உண்மையிலேயே எல்லோருக்கும் திறந்திருந்த நூல் எது என்று பார்த்தால் சங்கடமான பதில் கிடைக்கிறது. 1962இல் அமெரிக்க ராணுவத் துறை வெளியிட்ட 141ஆம் எண் ராணுவக் கையேடு, ஒளியியல் வடிவமைப்பு. அமெரிக்க அரசின் வெளியீட்டுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். பல்கலைக்கழகத்துக்காரன் பூட்டிவைக்கிறான், பட்டாளத்துக்காரன் திறந்துவைக்கிறான்! அகச்சிவப்புக் கையேடும் இப்படிப்பட்ட வம்சம்தான். 1965இல் ராணுவ அகச்சிவப்புத் தொழில்நுட்பக் கையேடு என்று பச்சையாகவே பெயர் இருந்தது. 1978இல் வுல்ஃபி, சிஸிஸ் இருவரும் பதிப்பித்துக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்துக்காக வந்தபோது 'ராணுவ' என்ற சொல் உதிர்ந்துவிட்டது. சொல் உதிர்ந்தாலும் இலக்கணம் உதிரவில்லை. அந்த மரபில் கண்ணுக்குத் தெரிவது அனைத்தும் இரண்டே வகை: இலக்கு, பின்புலம். வானம் பின்புலம், காடு பின்புலம், கடல் பின்புலம். காட்டுத் தீயைக் கண்டறியப் போகிறவரும் மார்பகக் கட்டியின் வெப்பத்தை அளக்கப் போகிறவரும் அந்த இரண்டு சொற்களின் வழியாகவே நுழைய வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் எழுதப்பட்ட இடங்களின் கதை. வாசிக்கப்பட்ட இடத்துக்கு வந்தால், இந்தியாவில் 1960களிலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை; தேர்ந்தெடுத்துக் கொடுத்ததைப் படித்தான். பி.எல். 480 கோதுமைக்கு நாம் கொடுத்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இங்கேயே குவிந்துகிடந்தது. அதில் ஒரு பகுதி அமெரிக்கப் பாடநூல்களை மலிவாக அச்சிட மானியமாகப் போனது. ரேஷன் கடைக் கோதுமையும் கல்லூரி நூலகத்துப் பாடநூலும் ஒரே கணக்கில் வந்தவை. பிரிட்டன் விடுமா? அதே காலத்தில் ஆங்கில மொழிப் புத்தகக் கழகம் என்று தன் அரசு மானியத்தில் ஒரு வரிசையைத் தொடங்கி 1997வரை நடத்தியது. மாஸ்கோவின் மீர் பதிப்பகம் இரண்டையும்விட மலிவு. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளிலும் கண்காட்சிகளிலும் கெட்டி அட்டை போட்ட இயற்பியல் நூல் ஒரு சாப்பாட்டுக் காசுக்குக் கிடைத்ததை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரல்மானின் பௌதிக நூல் தமிழிலேயே வந்தது. 1991இல் அந்தக் கடை சாத்தப்பட்டது. பனிப்போர் முடிந்ததைச் சுவர் இடிந்ததை வைத்துச் சொல்வார்கள். நம்மூரில் அதைப் புத்தக விலையை வைத்தும் சொல்லலாம்.

இப்படித்தான் மில்மன்–ஹால்கியாஸ் நம் பொறியியல் கல்லூரிகளின் எலெக்ட்ரானிக்ஸாகவே ஆனது. 1967இல் ஒரு நூல், 1972இல் தொகுப்புச் சுற்றுகளைச் சேர்த்து இன்னொன்று. கெட்டிக்காரத்தனமான, கறாரான நூல்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சர்வதேச மாணவர் பதிப்பு என்ற முத்திரையோடு கைக்கெட்டும் விலையில் கிடைத்தது என்பதால் பாடத்திட்டம் அதன் அத்தியாய வரிசையில் அமைந்தது. பாடத்திட்டம் அப்படி இருந்ததால் தேர்வுக் கேள்வி அதன் பயிற்சிக் கணக்கிலிருந்து வந்தது. கேள்வி அங்கிருந்து வருவதால் எல்லோரும் அதையே வாங்கினார்கள். அந்த வளையத்துக்குள் டிரான்சிஸ்டர் என்பது நான்கு எச்-அளவுருக்கள். தொட்டால் சுடுமா சுடாதா என்று தெரியாமலேயே முதல் வகுப்பில் தேறலாம். தேறினார்கள்.

மானியத்தை நம்பியிராமல் சட்டத்தாலேயே இதைத் தீர்க்க ஒரு முயற்சி நடந்தது. 1967இல் ஸ்டாக்ஹோமில் பெர்ன் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது, கல்விக்காக ஏழை நாடுகள் தாங்களே மொழிபெயர்க்கவும் அச்சிடவும் வழி கேட்டு இந்தியா முன்னால் நின்றது. ஸ்டாக்ஹோம் நெறிமுறை என்று அதற்கென ஓர் ஆவணமே உருவானது. பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் கொதித்தார்கள். பணக்கார நாடுகள் ஏற்காததால் அது செயலுக்கு வரவில்லை. 1971இல் பாரிஸில் கிடைத்தது, காத்திருப்புக் காலங்களும் நிபந்தனைகளும் நிறைந்த ஒரு பின்னிணைப்பு. 1983இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. அந்த உரிமத்தைப் பயன்படுத்தித் தமிழில் ஓர் ஒளியியல் கையேடு வந்ததை நான் பார்த்ததில்லை.

பிறகு மிஞ்சியது அட்டையில் இருக்கும் எச்சரிக்கை வாசகம்: இந்தப் பதிப்பு இன்னின்ன நாடுகளில் மட்டுமே விற்கத்தக்கது. காகிதம் மெலிது, எழுத்து கொஞ்சம் மங்கல், உள்ளே அதே சூத்திரங்கள். அமெரிக்காவில் படித்த தாய்லாந்து மாணவர் கிர்ட்சேங், வீட்டாரிடம் சொல்லி ஊர்க்கடைகளில் ஆசியப் பதிப்புகளை வாங்கி அனுப்பச் செய்து அங்கே விற்றார். வைலி வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது; சட்டப்படி வாங்கிய பிரதி, எங்கே அச்சிட்டிருந்தாலும், வாங்கியவனுடையது. நம் பக்கம் டெல்லிப் பல்கலைக்கழகத்து ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூவரும் 2012இல் தொடுத்த வழக்கு. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் வகுப்பறைக்கான நகலெடுப்பைக் குற்றமல்ல என்றது. 2017 மார்ச்சில் பதிப்பாளர்கள் வழக்கைக் கைவிட்டார்கள். கேட்டுப் பெற முடியாததை 1967க்குப் பிறகு அரை நூற்றாண்டு கழித்து ஒரு ஜெராக்ஸ் கடை வாங்கிக் கொடுத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, மாணவர்களும் ஆசிரியர்களும் அந்த வழக்கில் சேர்ந்து நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எலெக்ட்ரானிக்ஸுக்கு எதை வாங்கறது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஹார்வர்டில் ஹாரோவிட்ஸ், ஹில் இருவரும் இயற்பியல் மாணவர்களுக்கு நடத்திய சோதனைக்கூட வகுப்பிலிருந்து எழுந்த 'மின்னணுக் கலை' 1980இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 1989, மூன்றாவது 2015. மில்மனின் கறார்த்தன்மைக்கு நேர்மாறு. டிரான்சிஸ்டருக்குள் ஒரு குட்டி மனிதன் உட்கார்ந்து குமிழைத் திருகுவதாகப் படம் போட்டிருப்பார்கள். அத்தியாயக் கடைசியில் வேலை செய்யாத சுற்றுகளை வரிசையாகக் கொடுத்து, ஏன் வேலை செய்யாது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். தவறான பிரதியைப் பாடமாக வைக்கும் துணிச்சல் மற்ற பாடநூல்களில் அபூர்வம். பட்டறையில் மூத்த மெக்கானிக் வாய்மொழியாகச் சொல்லும் மனக்கணக்குகளை அச்சில் ஏற்றிய நூல் என்பேன். அமெச்சூர் கையேட்டின் பேச்சும் 28 தொகுதிகளின் அறிவும் அதில் சந்திக்கின்றன. குறையும் உண்டு. எந்தச் சில்லு வேண்டுமானாலும் நாளைக்கே தபாலில் வந்து சேரும் ஒரு நாட்டை முன்வைத்து எழுதியது அது. இறக்குமதி உரிமக் காலத்தில் ரிச்சி தெருவில் இருப்பதை வாங்கி இல்லாததற்கு மாற்று யோசித்தவர்களுக்கு அதன் பட்டியல்கள் பாதி புராணமாகத்தான் இருந்தன. இருந்தும், கையால் செய்ய நினைப்பவர்கள் இதை வாங்கட்டும். தேர்வு எழுதுபவர்களுக்கு செட்ரா–ஸ்மித் போதும்.

வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை. மூன்றாம் பதிப்பு வந்த கொஞ்ச காலத்திலேயே அதன் போலிப் பிரதிகள் பெரிய இணையக் கடைகள் வழியாக அமெரிக்க வாசகர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தன. போலியை எப்படி அடையாளம் காண்பது என்று ஆசிரியர்களே அறிவிக்க வேண்டிவந்தது. காகிதத்தைப் பார், அச்சைப் பார், கட்டமைப்பைப் பார் என்பார்கள். முழு விலை கொடுத்தவர்களுக்கு அந்த மங்கலும் மெலிவும் அதிர்ச்சி. இங்கே மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்கு முன்பிருந்தே பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியவர்களுக்கு, அசல் என்று கிடைத்ததெல்லாம் அந்த மாதிரிதான் இருந்தது.